கவர்னரை இம்பீச் பண்ண முடியாதுங்க: தமிழ்நாட்டு எம்பிக்கள் 57 பேருக்கும் ஒரு திறந்த மடல்

லோக்சபாவுல 39, ராஜ்யசபாவுல 18, ஆக மொத்தம் 57 பேருக்கும்,

நான் ரிட்டயர்டு வாத்தியார். சோஷியல் சயின்ஸ். ரிட்டயர் ஆனதுல இருந்து ஞாயித்துக்கிழமை தோறும் எங்க ஊர் லைப்ரரி மாடியில டிஎன்பிஎஸ்சி பசங்களுக்கு அரசியலமைப்பு பாடம் எடுக்கறேன், ஃபீஸ் கிடையாது, ஒரே ஒரு ஃபேன், அதையும் மூணுக்கு மேல வச்சா ஆட ஆரம்பிச்சிரும். கொஞ்ச நாள் முன்னாடி உங்கள்ல ஒருத்தர் எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மீட்டிங் பேசினீங்க. யாருன்னு சொல்லல, உங்களுக்கே தெரியும். "பார்லிமென்ட்ல கவர்னரை இம்பீச் பண்ணி வீட்டுக்கு அனுப்பாம விடமாட்டோம்"னு சொன்னீங்க, விசில் பறந்துச்சு, பட்டாசு வேற. நானும் டீக்கடை பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டு தான் இருந்தேன். இம்பீச்மென்ட்னா சபையில குற்றம் சாட்டி, விசாரிச்சு, ஓட்டுப் போட்டு பதவியில இருந்து நீக்கறது.

அடுத்த ஞாயிறு கிளாஸ்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு கேட்டுச்சு. "சார், கவர்னருக்கு இம்பீச்மென்ட் கிடையாதுன்னு நீங்க நோட்ஸ் குடுத்தீங்க, எம்பி இருக்குன்னு மைக்ல சொல்றாரு, நான் ஓஎம்ஆர்ல எந்த வட்டத்தை ஷேடு பண்றது?" கிளாஸே சிரிச்சுது. எனக்கு சிரிப்பு வரல. ஏன்னா அந்தப் பொண்ணு ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்குன்னு கணக்கு போட்டு படிக்குது, அது தப்பா ஷேடு பண்ணா ஒரு வருஷம் போச்சு, நீங்க தப்பா சொன்னா கைத்தட்டல்.

அதனால தான் இதை எழுதறேன். எந்தக் கட்சிக்காகவும் இல்ல, எந்தக் கவர்னர் பேரையும் நான் எடுக்கப்போறதில்ல, ஆள் இன்னைக்கு ஒருத்தர் நாளைக்கு ஒருத்தர். நாற்காலி தான் என் பிரச்சனை.

நம்ம அரசியலமைப்புல இம்பீச்மென்ட்ங்கற வார்த்தை ஒரே ஒரு பதவிக்கு தாங்க இருக்கு. ஜனாதிபதி. 61-வது பிரிவு. குற்றச்சாட்டும் ஒண்ணே ஒண்ணு தான், அரசியலமைப்பை மீறினாருங்கறது. அந்த சபையில கால்வாசி பேர் கையெழுத்து, 14 நாள் நோட்டீஸ், அப்புறம் மொத்த உறுப்பினர்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு, இன்னொரு சபை விசாரிச்சு அங்கயும் அதே மூணுல ரெண்டு. 1950-ல இருந்து இன்னைக்கு வரைக்கும் யார் மேலயும் அது நடந்து முடிஞ்சது இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க எம்எல்ஏவும் ஓட்டு போடறாரு, நீக்கறப்போ எம்எல்ஏவுக்கு வேலை இல்ல, ஆனா தேர்ந்தெடுக்கறப்போ ஓட்டு இல்லாத நியமன எம்பிக்கு நீக்கறப்போ ஓட்டு உண்டு. இதை சொல்லும்போதெல்லாம் கிளாஸ்ல யாராவது ஒருத்தன் "சார் நிஜமாவா"ன்னு கேப்பான்.

துணை ஜனாதிபதிக்கு வேற வழி, 67-வது பிரிவு. ராஜ்யசபாவுல அப்போ இருக்கற மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல தீர்மானம் போடணும், லோக்சபா ஒத்துக்கணும். 2024 டிசம்பர்ல ஜக்தீப் தன்கர் மேல எதிர்க்கட்சிகள் நோட்டீஸ் குடுத்தீங்களே, அது. ராஜ்யசபா துணைத் தலைவர் ஹரிவன்ஷ் தள்ளுபடி பண்ணிட்டாரு. அப்புறம் 2025 ஜூலை 21 அவரே உடம்பு சரியில்லன்னு ராஜினாமா பண்ணிட்டு போயிட்டாரு.

சுப்ரீம் கோர்ட், ஐகோர்ட் ஜட்ஜ், தலைமைத் தேர்தல் ஆணையர், சிஏஜிங்கற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே தராசு. நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, இல்லன்னா இயலாமை. பேப்பர்ல இதையும் இம்பீச்மென்ட்னு தான் போடறாங்க, சட்டத்துல அந்த வார்த்தை இல்ல, போகட்டும். ஜட்ஜ்னா 100 லோக்சபா எம்பி இல்ல 50 ராஜ்யசபா எம்பி கையெழுத்து, 1968 சட்டப்படி மூணு பேர் கமிட்டி. பிரதமர், முதல்வர், மந்திரிக்கெல்லாம் நம்பிக்கையில்லா தீர்மானம் இருக்கு, எம்பி எம்எல்ஏவுக்கு தகுதியிழப்பு இருக்கு. யூபிஎஸ்சி சேர்மனைக் கூட சுப்ரீம் கோர்ட் விசாரிச்சு நீக்கலாம்.

கவர்னருக்கு? 156-வது பிரிவு, ஒரே வரி. ஜனாதிபதியோட விருப்பம் இருக்கற வரைக்கும் பதவி. ஜனாதிபதி விருப்பம்னா டெல்லியில இருக்கற அரசாங்கத்தோட விருப்பம். அவ்ளோ தான். என்ன காரணத்துக்கு நீக்கலாம், யார் புகார் குடுக்கலாம், எங்க விசாரிக்கணும், ஒண்ணும் எழுதல. உங்க 57 கையெழுத்தையும் சேத்து போட்டாலும், அதோட அந்த அவையில இருக்கற மத்த எல்லார் கையெழுத்தையும் வாங்கிட்டு வந்தாலும், ஸ்பீக்கர் அதை எடுத்துக்க ஒரு பிரிவு கிடையாது. 2022 நவம்பர்ல திமுக கூட்டணி எம்பிக்கள் ஜனாதிபதிக்கு மனு தானே குடுத்தீங்க, கவர்னரைத் திரும்பப் பெறணும்னு. மனு. ரேஷன் கார்டுக்கு நான் குடுக்கற மாதிரி. ஏன்னா அதைத் தவிர வேற எதுவும் உங்க கையில இல்ல, அது உங்களுக்குத் தெரிஞ்சு தான் மைக்ல வேற மாதிரி பேசறீங்க, அது தான் எனக்கு கோவம்.

இன்னொண்ணு பாருங்க. 361-வது பிரிவுல ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் கோர்ட்டுல இருந்து பாதுகாப்பு இருக்கு, பதவியில இருக்கற வரைக்கும் கிரிமினல் கேஸ் போட முடியாது. ஆனா அதுலயே ஜனாதிபதிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வச்சிருக்காங்க, 61-வது பிரிவுல குற்றச்சாட்டு வந்தா அவர் நடத்தையை விசாரிக்கலாம்னு. கவர்னருக்கு அந்த விதிவிலக்கு இல்ல. நாட்டோட முதல் குடிமகனை விசாரிக்க ஒரு ஜன்னலாவது இருக்கு, கவர்னர் மாளிகையில அதுவும் இல்ல. 2025 ஆகஸ்ட்ல கொண்டு வந்தாங்களே 130-வது திருத்த மசோதா, 30 நாள் தொடர்ந்து காவல்ல இருந்தா பிரதமர், முதல்வர், மந்திரி பதவி போயிரும்னு, அதுல கவர்னர் பேரைத் தேடிப் பாத்தேன், இல்ல. இருக்கவும் முடியாது, அவரைத் தான் அரெஸ்டே பண்ண முடியாதே.

இது புத்தக விஷயம், உனக்கென்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

என்கிட்ட ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, அப்பா லோடுமேன், எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சுது. வெளிநாட்டுல ஒரு யுனிவர்சிட்டியில பிஎச்டி சீட்டும் உதவித்தொகையும் கிடைச்சுது. ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட் கேட்டாங்க. இங்க எந்த யுனிவர்சிட்டின்னு நான் சொல்லல. அங்க விசி, அதாவது துணைவேந்தர், இல்ல. முன்னாடி இருந்தவர் காலம் முடிஞ்சு போயி புது ஆளைப் போடல, விசியைத் தேடற கமிட்டியில யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு ஆள் இருக்கணும்னு வேந்தரான கவர்னரோட ராஜ்பவன், வேணாம்னு கவர்மென்ட், அந்த இழுபறி. விசி இல்லன்னா கான்வொகேஷன் இல்ல, கான்வொகேஷன் இல்லன்னா டிகிரி இல்ல. நானும் அந்தப் பொண்ணும் ரெண்டு தடவை பஸ் ஏறிப் போனோம். கவுண்டர்ல இருந்த அம்மா நல்லவங்க தான், ட்ராயரைத் திறந்து காமிச்சாங்க, பிரிண்ட் பண்ணின சர்டிபிகேட் கட்டுக் கட்டா ரப்பர் பேண்டு போட்டு கிடக்கு, இந்தப் பொண்ணோட பேர் கூட தெரியுது, கீழ கையெழுத்து போடற இடம் மட்டும் வெள்ளையா இருக்கு. "இங்க தாம்மா இருக்கு, போடறதுக்கு ஆள் இல்ல, நான் என்ன பண்ணட்டும்"னாங்க. ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டை அனுப்பிப் பாத்தோம், அவகாசம் கேட்டோம், ஒரு செமஸ்டர் குடுத்தாங்க, அதுக்குள்ளயும் வரல. சீட்டு போச்சு. இப்போ ஒரு தனியார் கம்பெனி லேப்ல ஷிஃப்ட் வேலைக்குப் போகுது.

தப்பு யார் மேலன்னு நான் தீர்ப்பு சொல்லல. ராஜ்பவன் மேலயும் இருக்கலாம், கோட்டை மேலயும் இருக்கலாம். கோட்டை மேல தப்புன்னா அஞ்சு வருஷத்துல ஒரு நாள் என் கையில மை வச்சுக்கிட்டு நான் கணக்கு தீத்துக்குவேன். ராஜ்பவன் மேல தப்புன்னா அந்தப் பொண்ணோட அப்பா எந்தக் கதவைத் தட்டுவாரு? இதை என்கிட்ட அவர் கேட்டாரு, 35 வருஷம் அரசியலமைப்பு பாடம் எடுத்தவன்கிட்ட, எனக்கு பதில் இல்ல.

கோர்ட் இருக்கேன்னு சொல்வீங்க. தமிழ்நாடு கவர்மென்ட்ல இருந்து போனாங்களே. 2020 ஜனவரியில இருந்து 2023 ஏப்ரல் வரைக்கும் சட்டசபை கவர்னருக்கு அனுப்பின மசோதாக்கள், அதுல சிலது அதிமுக ஆட்சியில நிறைவேத்தினது, எல்லாம் கிடப்புல கிடந்து, கேஸ் போட்ட பிறகு 2023 நவம்பர் 13 கவர்னர் பத்து மசோதாவைத் திருப்பி அனுப்பி, 18-ஆம் தேதி சட்டசபை மறுபடி நிறைவேத்தி, அதை ஜனாதிபதிக்குத் தள்ளிவிட்டு, கடைசியில 2025 ஏப்ரல் 8 சுப்ரீம் கோர்ட் பத்தும் சட்டமாயிருச்சுன்னு சொல்லுச்சு. எங்க கிளாஸ்ல அன்னைக்கு கடலைமிட்டாய் வாங்கிக் குடுத்தேன், பொய் சொல்லல. மே மாசமே அதுல இருந்த துணைவேந்தர் நியமன சட்டங்களுக்கு ஐகோர்ட்ல தடை. நவம்பர் 20 சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச், ஜனாதிபதி கேட்ட 14 கேள்விக்கு பதில் சொல்றப்போ, கவர்னருக்கு கோர்ட் கெடு வைக்க முடியாது, கோர்ட்டே ஒப்புதல் குடுத்ததா வச்சுக்கவும் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. காரணமே சொல்லாம ரொம்ப நாள் இழுத்தா மட்டும் "ஒரு முடிவு எடுங்க"ன்னு சொல்லலாமாம். கடலைமிட்டாய் காசு போச்சு.

சரி, இதுக்கு வழியே இல்லையான்னா, எழுதி வச்சிருக்காங்க. உங்க ஆபீஸ் அலமாரியில தான் இருக்கு.

1948-ல போட்ட வரைவு அரசியலமைப்புல கவர்னருக்கு இம்பீச்மென்ட் இருந்துச்சுங்க. 137-வது பிரிவு. சட்டசபை குற்றச்சாட்டு கொண்டு வரணும், மாநிலங்களவை, அதாவது ராஜ்யசபா, விசாரிக்கணும். அப்போ கவர்னரை ஜனங்க ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கறதா யோசனை. 1949-ல அதை நியமனம்னு மாத்தினாங்க, மாத்தினதும் இந்தப் பிரிவையும் தூக்கிட்டாங்க, ஜனாதிபதி நியமிக்கறாரு, ஜனாதிபதியே எடுத்துக்குவாருன்னு. அன்னைக்கு அது சரியாப் பட்டிருக்கலாம். அப்புறம் 1969-ல மத்திய மாநில உறவு பத்தி கலைஞர் போட்ட ராஜமன்னார் குழு, 1971 அறிக்கை, அதுலயும் கவர்னரை நிரூபிக்கப்பட்ட தப்புக்காக சுப்ரீம் கோர்ட் விசாரிச்சு தான் நீக்கணும்னு இருக்கு. அப்புறம் 2007-ல அதே விஷயத்துக்கு மத்திய அரசே போட்ட பூஞ்சி கமிஷன், தலைமை நீதிபதியா இருந்த மதன் மோகன் பூஞ்சி தலைமையில. அவங்க 2010 மார்ச்ல அறிக்கை குடுத்தாங்க. 156-ல இருக்கற அந்த "விருப்பம்"கற வார்த்தையைத் தூக்குங்க, அஞ்சு வருஷம் நிச்சயமா குடுங்க, நீக்கணும்னா ஜனாதிபதிக்கு பார்லிமென்ட்ல இருக்கற மாதிரியே மாநில சட்டமன்றத்துல இம்பீச்மென்ட் வைங்கன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. கவர்னர் தலையில வேந்தர் பதவியைக் கட்டாதீங்கன்னும் சொல்லியிருக்காங்க. என் ஸ்டூடண்டோட சர்டிபிகேட் ட்ராயர்ல தூங்கறதுக்கு பல வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்க.

அந்த அறிக்கை வந்தப்போ உள்துறை மந்திரி யாரு? சிவகங்கை எம்பி ப.சிதம்பரம். அந்த அரசாங்கத்துல திமுகவும் மந்திரி பதவியில இருந்துச்சு. அப்போ ஏன் அசையலன்னு கேக்க எனக்கு உரிமை இருக்குல்ல? நானே பதில் சொல்றேன், டெல்லியில ஆள்றப்போ கவர்னர் நம்ம ஆள். 2004-ல யூபிஏ வந்ததும் உத்தரப்பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவான்னு நாலு கவர்னரை ஒரேயடியா தூக்கினாங்க, அந்த கேஸ்ல தான் 2010 மே மாசம் சுப்ரீம் கோர்ட், கவர்னர் மத்திய அரசோட வேலையாள் இல்ல, இஷ்டத்துக்கு நீக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. நம்ம ஆள் இல்லன்னா தூக்கறது, நம்ம ஆள்னா மாலை போடறது, இதுல பிஜேபியையும் சேத்து தான் சொல்றேன்.

எனக்கும் ஒரு பயம் இருக்கு, மறைக்கல. சட்டசபைகிட்ட மட்டும் இந்த அதிகாரத்தைக் குடுத்தா ஆளுங்கட்சி பிடிக்காத கவர்னரை எல்லாம் தூக்கிரும். 234-ல மூணுல ரெண்டு பங்கு 156. 2011-ல ஜெயிச்ச கூட்டணிக்கு 203, 2021-ல ஜெயிச்ச கூட்டணிக்கு 159. ரெண்டு பேருமே தனியா செஞ்சிருக்கலாம். அதனால எனக்கு பூஞ்சி சொன்னதை விட 1948 வரைவு தான் பிடிச்சிருக்கு, குற்றம் சாட்டறது ஒரு இடம், விசாரிக்கறது வேற இடம்.

இன்னொரு பயம், கதவு வச்சுக் குடுத்தாலும் நீங்க திறப்பீங்களாங்கறது. 1993 மே 11. ஸ்கூல் லீவு, நான் அடுத்த நாள் டீக்கடையில பேப்பர் பாத்தேன். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் வி.ராமசாமி, நம்ம ஊர்க்காரர், பஞ்சாப் ஹரியானா ஐகோர்ட்ல தலைமை நீதிபதியா இருந்தப்போ பங்களாவுக்கு கவர்மென்ட் காசுல செலவு பண்ணினது பத்தின விவகாரம். மூணு ஜட்ஜ் கமிட்டி 14 குற்றச்சாட்டுல 11 நிரூபணம்னு எழுதிக் குடுத்துருச்சு. அவரை நீக்க லோக்சபாவுல ஓட்டு. ஆதரவா 196, எதிரா ஒருத்தர் கூட இல்ல. ஆனா 205 பேர், காங்கிரசும் கூட்டாளிகளும், சபையில உக்காந்துக்கிட்டே ஓட்டுப் போடல. ஓட்டு பத்தாம தீர்மானம் செத்துருச்சு. தப்பு இல்லன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல, தப்புன்னு சொல்ல 205 பேருக்கு கை வரல. அந்த சபையில தமிழ்நாட்டு 39 சீட்டும் காங்கிரஸ், அதிமுக கூட்டணிகிட்ட தான் இருந்துச்சு. 2011-ல கல்கத்தா ஐகோர்ட் ஜட்ஜ் சௌமித்ர சென் மேல ராஜ்யசபா 189 ஓட்டோட தீர்மானம் போட்டுச்சு, லோக்சபாவுக்கு வர்றதுக்குள்ள அவர் ராஜினாமா. அதே வருஷம் காவேரிராஜபுரம் நில விவகாரத்துல ஐகோர்ட் ஜட்ஜ் பி.டி.தினகரனும் விசாரணை முடியறதுக்கு முன்னாடியே ராஜினாமா. ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், அந்தக் கதவு இருந்ததால தான் அவங்க தானா வெளிய போனாங்க.

இப்போ நான் கேக்கறது.

முதல்ல, மைக்ல கவர்னரை இம்பீச் பண்ணுவோம்னு இனிமே சொல்லாதீங்க. சட்டத்தை மாத்த முயற்சி பண்றோம்னு சொல்லுங்க, சொல்லிட்டு பண்ணுங்க. அந்த மீட்டிங் பேசினவர் அடுத்த மீட்டிங்லயே திருத்திக்கணும், அதுக்கு நான் முன் வரிசையில வந்து உக்காருவேன்.

ரெண்டாவது, வர்ற கூட்டத்தொடர்ல பூஞ்சி கமிஷன்ல கவர்னர் பத்தின பரிந்துரைகள் ஒவ்வொண்ணும் எந்த நிலையில இருக்குன்னு நட்சத்திரக் கேள்வி போடுங்க. எழுத்துல பதில் வாங்கற கேள்வி வேணாம், மந்திரி எந்திரிச்சு நின்னு சொல்லணும், துணைக்கேள்வி கேக்கணும்.

மூணாவது, 156-ஐ திருத்த தனிநபர் மசோதா, மந்திரியா இல்லாத எம்பி கொண்டு வர்றது, அதைக் கொண்டு வாங்க. அது பாஸ் ஆகாதுன்னு சொல்லாதீங்க. திருச்சி சிவா திருநங்கையர் உரிமைக்கு கொண்டு வந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 ராஜ்யசபா ஒருமனதா நிறைவேத்துச்சு, அவரும் உங்கள மாதிரி தமிழ்நாட்டு எம்பியா இருந்து தான் அதைச் செஞ்சாரு. 156-ஐ திருத்த பாதி மாநிலங்களோட ஒப்புதல் கூட தேவையில்ல, 368-ல இருக்கற அந்தப் பட்டியல்ல 156 கிடையாது, ரெண்டு சபையில சிறப்புப் பெரும்பான்மை போதும். அதோட 361-லயும் ஜனாதிபதிக்கு இருக்கற விதிவிலக்கை கவர்னருக்கும் சேருங்க, இல்லன்னா விசாரணையே முடியாது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சின்னு பாக்காம 57 பேரும் கையெழுத்து போடுங்க. போடாதவங்க ஏன் போடலன்னு தொகுதியில வந்து சொல்லுங்க.

நாலாவது, 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு மாநில உரிமைக்குன்னு சுப்ரீம் கோர்ட் முன்னாள் ஜட்ஜ் குரியன் ஜோசப் தலைமையில குழு போட்டுச்சே, அதோட வேலையும் ராஜமன்னார் அறிக்கை பக்கத்துல போய் தூங்காம இருக்க நீங்க டெல்லியில என்ன பண்ணப் போறீங்கன்னு எழுதிக் குடுங்க.

பதில் வந்தா கிளாஸ்ல வாசிப்பேன், வரலன்னா அதையும் சொல்வேன். இந்த வாரம் பாடம் கவர்னர், 153-ல இருந்து 162 வரைக்கும். அந்தப் பொண்ணுகிட்ட இப்போதைக்கு "கிடையாது"ங்கற வட்டத்தையே ஷேடு பண்ணச் சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
லைப்ரரி மாடி வாத்தியார்